முதல் தனி ஆல்பம்: மியூசிக் புரொட்யூசர் சொந்தமாக வெளியிட ஒரு முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகள் பிறருடைய பாட்டுக்கு புரோகிராமிங் செய்தவர், ஜிங்கிள் போட்டவர், சினிமா இசையமைப்பாளரிடம் உதவியாளராக இருந்தவர் தன் பெயரில் ஒரு பாப் ஆல்பம் போட உட்காரும்போது ஒலி பெரிய சிக்கலாக இருப்பதில்லை. அது அவருக்குக் கைவந்த தொழில். "போதும், இது முடிந்தது" என்று சொல்ல ஆள் இல்லாததுதான் சிக்கல். படத்துக்கு வெளியீட்டுத் தேதி இருக்கும், விளம்பரத்துக்கு கிளையண்ட் இருப்பார். சொந்த ஆல்பத்துக்கு இரண்டும் கிடையாது. அதனால் இந்த வழிகாட்டி பிளக்-இன் (ஒலியைச் செதுக்கும் மென்பொருள் கருவி) பட்டியலைவிட முடிவுகளைப் பற்றியே அதிகம் பேசும்: எந்த முடிவை எப்போது எடுப்பது, தள்ளிப்போட்டால் எங்கே போய் முட்டும் என்று. சென்னையில் வீட்டு ஸ்டுடியோ வைத்துக்கொண்டு, லேபிள் இல்லாமல், சுமார் 9 மாதத்தில் 8 தமிழ்ப் பாடல்களை வெளியிட நினைப்பவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

குரல் யாருடையது?

முதல் கேள்வி இதுதான். மூன்று வழிகள் உண்டு. நீங்களே பாடுவது, ஒரே பாடகரை ஆல்பம் முழுக்க வைப்பது, பாட்டுக்கு ஒருவர் என்று மாற்றுவது. மூன்றாவது வழி புரொட்யூசர்களுக்குப் பிடித்தமானது, சினிமாவில் பழகியதும் அதுதான். ஆனால் முதல் ஆல்பத்தில் 8 பாட்டுக்கு 8 குரல் வைத்தால் கேட்பவருக்குப் பாடகர்கள்தான் நினைவிருப்பார்கள், ஆல்பத்தின் சொந்தக்காரர் நினைவிருக்க மாட்டார். குரல் சுமாராக இருந்தாலும் குறைந்தது மூன்று பாட்டையாவது நீங்களே பாடுங்கள். அல்லது ஒரே ஒரு பாடகரோடு நின்றுகொண்டு இரண்டு பாட்டில் மட்டும் விருந்தினரைக் கூப்பிடுங்கள்.

அடுத்து எண்ணிக்கை. ஸ்ட்ரீமிங் தளங்களின் பொதுவான கணக்கில் 7 பாடல் அல்லது 30 நிமிடத்துக்கு மேல் இருந்தால் ஆல்பம். 4 முதல் 6 பாடல், 30 நிமிடத்துக்குள் என்றால் இபி, அதாவது குட்டி ஆல்பம். 6 பாட்டு, 22 நிமிடம் அனுப்பிவிட்டு "ஆல்பம்" என்று போஸ்டர் ஒட்டினால் தளத்தில் இபி என்றுதான் காட்டும். 8 பாட்டு, ஒவ்வொன்றும் 2:45 முதல் 3:40 வரை என்பது கையாளக்கூடிய அளவு. 12 பாட்டு போடும் ஆசை வரும். கடைசி நாலும் அரைகுறையாக நிற்கும்.

மெட்டும் சொல்லும்

20, 25 மெட்டுகளைப் போட்டு 12 ஆக்கி, அதிலிருந்து 8 எடுப்பது நல்ல விகிதம். தேர்வை முழு புரோகிராமிங்கோடு செய்யக் கூடாது. ஒரு கீபோர்டு அல்லது கிட்டார், ஒரு குரல், தத்தகாரம் (சொல்லுக்குப் பதில் "தானனா"). அவ்வளவில் நிற்காத மெட்டை 80 ட்ராக் போட்டாலும் நிற்க வைக்க முடியாது, மறைக்கத்தான் முடியும். தேர்ந்த எட்டையும் ஒரு தாளில் டெம்போ, ஸ்கேல், தாளம் மூன்றையும் எழுதி வரிசைப்படுத்திப் பாருங்கள். ஐந்து பாட்டு 92 முதல் 100 பிபிஎம்முக்குள் (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்ற வேகக் கணக்கு), மைனர் ஸ்கேலில் இருப்பது சர்வசாதாரணம். ஒன்றிரண்டை 3/4 அல்லது 6/8 நடைக்கு மாற்றலாம், ஒன்றை 120-க்கு மேல் ஏற்றலாம். மாற்றினால் கெட்டுப்போகும் பாட்டு என்றால் அதை வைத்துக்கொண்டு அதன் ஜோடியைத் தூக்கிவிட வேண்டும்.

ஸ்கேலைப் பாடகருடைய குரலில் இருந்து முடிவு செய்ய வேண்டும், டெமோவில் இருந்து அல்ல. பாடகர் சிரமமில்லாமல் நெஞ்சுக் குரலில் தொடும் உச்ச ஸ்வரத்தைக் கண்டுபிடித்து, பாட்டின் உச்சம் அதற்கு ஒன்று அல்லது இரண்டு செமிடோன் (அடுத்தடுத்த இரண்டு கீபோர்டு கட்டைகளின் இடைவெளி) கீழே விழும்படி கட்டையை, அதாவது பாட்டின் ஆதார சுருதியை, நிர்ணயிக்கலாம். வாத்தியம் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இந்த முடிவோடு அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காரணம் கீழே வரும்.

தத்தகாரத்தைப் பாடலாசிரியரிடம் வெறும் ஆடியோவாக அனுப்பினால் பாதி வேலைதான். ஒவ்வொரு அடிக்கும் அசை எண்ணிக்கை, எது நீள ஸ்வரம், எங்கே மூச்சு என்று குறித்து அனுப்புங்கள். தமிழில் பாப் மெட்டு தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. முதலாவது, நீண்ட ஸ்வரத்தில் குறில் விழுவது. இரண்டாவது, அடியின் கடைசி ஸ்வரம் இரண்டு பார் நீளும்போது அங்கே குற்றியலுகரம் வந்து உட்காருவது. "காற்று", "பாட்டு", "நேற்று" போன்ற சொற்களின் கடைசி உகரம் இயல்பிலேயே அரை மாத்திரைதான். அதை இழுத்தால் "காற்றூ" என்று கேட்கும், பாடகரைக் குறை சொல்லிப் பயனில்லை. "காற்றே", "காற்றாய்", "காற்றிலே" என்று மாற்றலாம், அல்லது நீளத்தை "கா" மேலே நகர்த்தலாம். மூன்றாவது, உச்ச ஸ்தாயியில் இகரமும் உகரமும் மெலிந்துபோகும். ஆகாரம், ஏகாரம், ஓகாரம் நிமிர்ந்து நிற்கும். ஹூக் (மனதில் ஒட்டிக்கொள்ளும் பகுதி) வரியின் உச்சத்தில் எந்த உயிர் நிற்கிறது என்று மட்டும் பார்த்தாலே பாதிப் பாட்டு தேறிவிடும். வல்லின இரட்டிப்பு ("க்க", "ட்ட") குரலை ஒரு கணம் அடைக்கும். ஓடும் ராப் அடியில் அது தாளத்துக்கு வாகாக இருக்கும், மெல்லிசை அடியில் ஓட்டத்தை வெட்டும்.

பதிவுக்கு முன்னால் காகிதம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகத் தோன்றும். தாண்டினால் பாட்டு ஓடிய பிறகு திரும்பி வந்து உட்கார வேண்டியிருக்கும், அப்போது எல்லோருக்கும் வக்கீல் இருப்பார்.

ஒரு பாட்டில் சட்டப்படி மூன்று தனித்தனி உரிமைகள் உள்ளன: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி வரிக்கு உரியவர் பாடலாசிரியர், மெட்டுக்கு உரியவர் இசையமைத்தவர். ஒலிப்பதிவுக்கு உரியவர் அதன் "தயாரிப்பாளர்". இந்த இடத்தில் தயாரிப்பாளர் என்றால் பிளக்-இன் திருகியவர் இல்லை. பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர். உங்கள் பணத்தில் செய்தால் பிளக்-இன் திருகியவரும் அந்தத் தயாரிப்பாளரும் நீங்களே. நண்பர் பணம் போட்டால் அது கடனா, பங்கா, மாஸ்டரே (முடிந்த ஒலிப்பதிவே) அவருடையதா என்று எழுதி வைக்காவிட்டால் ஒலிப்பதிவு யாருடையது என்பது திறந்த கேள்வியாகவே இருக்கும். மாஸ்டரின் ஆயுள் வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டு என்பதால் இது சின்ன விஷயமில்லை.

உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். வாட்ஸ்அப்பில் "ஓகே ப்ரோ" வந்ததை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டாக எடுத்துக்கொள்ளும். எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளும். ஸ்ட்ரீமிங் உலகம் முழுவதும் போகிறது. ஆகவே "உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்ற இரண்டு சொற்றொடரும் கட்டாயம் இருக்க வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. ஒட்டுமொத்தமாகப் பணம் கொடுத்து "எல்லாம் எனக்கே" என்று எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால் ராயல்டி விஷயத்தில் அது நிற்காது.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே பக்கத்தில் பங்குத் தாள் போதும். பாட்டின் பெயர், வரியிலும் மெட்டிலும் யாருக்கு எத்தனை சதவீதம், பான் கார்டில் உள்ளபடி முழுப்பெயர், ஐபிஆர்எஸ் (பாடலாசிரியர், இசையமைப்பாளருக்கு ராயல்டி வசூலிக்கும் சங்கம்) உறுப்பினரா இல்லையா, தேதி, கையெழுத்து. ஹூக் மெட்டைப் பாடகர் மைக் முன் நின்று மாற்றிவிட்டால் அன்றே பேசி எழுதிவிட வேண்டும். பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் தனியாக ஒரு சம்மதக் கடிதம்: பதிவைப் பயன்படுத்த அனுமதி, சம்பளம், பெயர் எப்படிப் போடப்படும், மாஸ்டர் வருமானத்தில் பங்கு உண்டா. மிக்ஸிங் என்ஜினியர், அட்டை ஓவியர், புகைப்படக்காரர் ஆகியோரையும் விட்டுவிடக் கூடாது. அட்டைப் படத்தை டி-ஷர்ட்டில் அச்சடிக்கும்போதுதான் ஓவியர் ஞாபகம் பலருக்கு வருகிறது.

சாம்பிள் விஷயத்தில் ஒரே விதிதான். பழைய சினிமாப் பாட்டிலிருந்து இரண்டு விநாடி எடுத்தாலும் மெட்டுக்கு ஓர் அனுமதி, ஒலிப்பதிவுக்கு ஓர் அனுமதி. இரண்டு விநாடிக்குப் பரவாயில்லை என்ற விதி எங்கும் இல்லை. தியாகராஜர் கீர்த்தனையை நீங்களே புதிதாகப் பாடவைத்துப் பதிவு செய்யலாம். பாரதியார் வரிகள் நாட்டுடைமை, அவற்றுக்கு எவரும் மெட்டமைக்கலாம். ஆனால் பாரதி வரிக்கு இன்னொருவர் போட்ட மெட்டு அந்த இன்னொருவருடையது. அதை எடுத்துப் பாடிவிட்டுப் பாரதியார் பொதுச்சொத்து என்று வாதாட முடியாது.

லூப் நூலகங்கள் ராயல்டி இல்லாதவை, ஆனால் பிரத்யேகமானவை அல்ல. அதே கிட்டார் லூப் ஆயிரம் பேரிடம் இருக்கும். யூடியூப் கன்டென்ட் ஐடியில் (பிறர் வீடியோவில் உங்கள் ஒலி வந்தால் தானே கண்டுபிடித்து உரிமை கோரும் அமைப்பு) பாட்டைப் பதியும்போது இது பெரிய தலைவலி. உங்கள் பாட்டின் முதல் எட்டு பார் வெறும் லூப் என்றால், அதே லூப் வைத்த வேறொருவரின் வீடியோ மேல் உங்கள் பெயரில் கிளைம் விழும், அல்லது உங்கள் மேல் அவர் பெயரில். தனியாக ஒலிக்கும் லூப்பை வெட்டி, சுருதி மாற்றி, திரும்ப வாசித்து அடையாளம் தெரியாமல் ஆக்குங்கள். இல்லையென்றால் அந்தப் பாட்டுக்கு மட்டும் கன்டென்ட் ஐடி வேண்டாம் என்று விடுங்கள்.

பதிவு

செஷன் (பதிவு மென்பொருளில் பாட்டின் வேலைக் கோப்பு) 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். குரலின் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபெலுக்குள் நின்றால் போதும், சிவப்பைத் தொட வேண்டியதில்லை. வீட்டு அறையில் பெரிய எதிரி எதிரொலி. 50 மிமீ ராக்வூல் வைத்த 2க்கு 4 அடி பலகை ஆறு இருந்தால், இரண்டு பாடகரின் பின்னால், இரண்டு பக்கவாட்டில், ஒன்று மேலே, ஒன்று மைக்குக்குப் பின்னால் வைக்கலாம். பாடகரின் பின்புறம் முக்கியம், ஏனென்றால் மைக் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். ஏசியை டேக் ஓடும்போது நிறுத்தி இடைவேளையில் போட்டுக்கொள்வது தவிர வேறு வழியில்லை. மின்தடையில் இன்வெர்ட்டரில் ஓடும்போது பதிவு செய்ய வேண்டாம். ஸ்கொயர் வேவ் வகை இன்வெர்ட்டர் தரும் ரீங்காரம் 50 ஹெர்ட்ஸோடு நிற்காமல் மேலே வரிசையாக ஏறும், ஃபில்டரில் முழுசாகப் போகாது.

மைக்கிலிருந்து 15 முதல் 20 செமீ, நடுவில் பாப் ஃபில்டர், மைக் வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே விலகி. முழுப் பாட்டும் 4 முதல் 6 டேக், பிறகு வரி வரியாகச் சிக்கலான இடங்கள். பத்தாவது டேக்குக்கு மேல் சுருதி சேரும், உயிர் போய்விடும். டபுள் (அதே வரியை இன்னொரு முறை பாடி மேலே அடுக்குவது) எடுப்பது ஹூக்குக்கு மட்டும் போதும். டபுளில் சொல்லின் இறுதி மெய்யைப் பாதி விழுங்கிப் பாடச் சொல்லுங்கள். "ட்", "ற்" எல்லாம் இரண்டு முறை சிதறிக் கேட்பது அதனால் குறையும்.

ஆட்டோ ட்யூனைக் (சுருதி திருத்தும் மென்பொருள்) கமகம் உள்ள அடியில் வேகமாக வைத்தால் அது அசைவை ஸ்வரப் படிக்கட்டாக உடைத்துவிடும். மேற்கத்திய ஹூக்குக்கு வேகமான திருத்தம் ஒரு ஸ்டைல். தோடி காந்தாரம் போல ஆடும் ஸ்வரம் வரும் வரியை மட்டும் கையால் திருத்துங்கள்: ஸ்வரத்தின் மையத்தை நகர்த்தி, ஆட்டத்தைத் தொடாமல் விட வேண்டும்.

நேரடி வாத்தியம் கூப்பிட்டால் கட்டையை முதலில் சொல்ல வேண்டும். நாதஸ்வரத்தின் சுருதி அந்தக் கருவியோடு பிறந்தது. பாரி நாயனம் (நீளமான நாதஸ்வரம்) 2, இரண்டரை கட்டையை ஒட்டி நிற்கும், உங்கள் பாட்டு நாலரைக் கட்டையில் இருந்தால் வாசிப்பவர் விரலோடு போராடுவார். மிருதங்கத்திலும் உயர்ந்த சுருதிக்கும் தாழ்ந்த சுருதிக்கும் வெவ்வேறு கருவி. 5 கட்டைக்கு இழுத்துக் கட்டியதை ஒன்றுக்கு இறக்கினால் தோல் தொய்ந்து நாதம் செத்துவிடும். கால்ஷீட் பேசும்போதே "பாட்டு ஒன்றரை கட்டை" என்று சொல்லிவிட்டால் சரியான கருவி வரும். மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு (வலப்பக்கத் தோல்) ஒரு மைக், தொப்பிக்கு (இடப்பக்கத் தோல்) ஒரு மைக், இரண்டின் ஒலி அலையும் ஒன்றையொன்று வெட்டாமல் இருக்க ஃபேஸைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நாதஸ்வரத்துக்கு மைக்கை அணைசுக்கு (கருவியின் அகன்ற முனை) நேராக வைக்காமல் ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி, மைக்கில் பேட் (ஒலியளவைக் குறைக்கும் சுவிட்ச்) போட்டு எடுங்கள். சிறிய அறையில் அது அறையையே வாசிக்கும் என்பதால் அந்த ஒன்றுக்கு மட்டும் வெளி ஸ்டுடியோவில் இரண்டு மணி நேரம் எடுப்பது மலிவு.

எங்கே நிறுத்துவது

குரல் முடிந்த பிறகுதான் அரேஞ்ச்மென்டை முடிக்க வேண்டும். புரொட்யூசர்கள் தலைகீழாகச் செய்வார்கள்: ட்ராக்கை நிரப்பிவிட்டு, மிச்ச இடத்தில் குரலைச் செருகுவார்கள். குரலை மட்டும் ஓடவிட்டு, பிறகு ஒவ்வொரு ட்ராக்காகத் திறந்து, திறந்தால் என்ன மாறுகிறது என்று கேளுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் அழித்துவிடலாம். 140 ட்ராக் இப்படி 50 ஆகும்.

மிடியை (ஒலியாக இல்லாமல் ஸ்வரக் குறிப்பாக மட்டும் இருப்பது) ஆடியோவாக மாற்றி மிடி ட்ராக்கை மறைத்துவிடுவது ஒலிக்காக மட்டும் செய்யும் வேலையில்லை. திரும்பிப் போக முடியாமல் கதவைச் சாத்துவது அது. ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று பதிப்புத்தான் என்று வைத்துக்கொண்டு, மூன்றாவதை மிக்ஸுக்கு அனுப்பிவிடுங்கள்.

மிக்ஸை முடிந்தவரை வேறொருவரிடம் கொடுங்கள். பணம் இல்லையென்றால் குரலும் லோ எண்டும் (தாழ்ந்த ஒலிகள்) மட்டுமாவது வேறு காது கேட்கட்டும். அனுப்பும் ஸ்டெம்கள் (குரல், வாத்தியம் என்று பிரித்த கோப்புகள்) எல்லாம் பாட்டின் முதல் பாரிலிருந்து ஒரே நீளத்தில், 24 பிட் வேவ் கோப்புகளாக, மாஸ்டர் பஸ்ஸில் (எல்லா ட்ராக்கும் சேரும் இடம்) எந்த எஃபெக்டும் இல்லாமல் இருக்க வேண்டும். கூடவே உங்கள் ரஃப் மிக்ஸ், டெம்போ, வரிகள். எஃபெக்ட் பாட்டின் பகுதியாக இருந்தால் எஃபெக்டோடு ஒன்று, எஃபெக்ட் இல்லாமல் ஒன்று என இரண்டு கோப்பு.

நீங்களே மிக்ஸ் செய்தால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) பேஸும் (தாழ்ந்த ஸ்வர வாத்தியம்) ஒரே அதிர்வெண்ணில் உட்காரக் கூடாது. கிக் 50-60 ஹெர்ட்ஸ் என்றால் பேஸின் பலம் 80-100 பக்கம். பெரும்பாலானோர் கேட்பது ஃபோனில், அந்த ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது. எனவே பேஸுக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் கொடுத்து 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை மேல் ஓசைகளை எழுப்பினால்தான் ஃபோனில் பேஸ் வரி தெரியும். இன்னொன்று தமிழுக்கே உரியது. ல, ள, ழ வேறுபாட்டைக் காது பிடிப்பது ஏறக்குறைய 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியில். கிட்டாருக்கு இடம் விட அங்கே குரலைக் குடைந்தால் "வாழ்க்கை" "வால்க்கை" ஆகிவிடும். பழி பாடகர் தலையில் விழும்.

மிக்ஸ் முடியும்போதே முதன்மைப் பதிப்பு, குரல் இல்லாதது, குரல் மட்டும், மேடைக்கு முதன்மைக் குரலை மட்டும் நீக்கியது என நாலையும் எடுத்து வைத்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு வெப் சீரிஸ் குரல் இல்லாத பதிப்பைக் கேட்கும்போது பிளக்-இன் பதிப்பு மாறியிருக்கும், செஷன் திறக்காது.

மாஸ்டரிங்

ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ்ஸுக்கும் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு), ஆப்பிள் மியூசிக் சவுண்ட் செக் சுமார் மைனஸ் 16-க்கும் ஒலியளவைச் சமன்செய்யும். இதைப் படித்துவிட்டு மைனஸ் 14-க்கே மாஸ்டர் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், தேவையில்லை. பாப் பாட்டு மைனஸ் 10, மைனஸ் 9-இல் நன்றாக ஒலித்தால் அப்படியே விடலாம். தளம் குறைத்துக்கொள்ளும். மைனஸ் 6 வரை நசுக்கினால்தான் நஷ்டம், தளம் 8 டெசிபெல் இறக்கியபின் மிஞ்சுவது தட்டையான டிரம்ஸ். ட்ரூ பீக் (ஒலி அலையின் உண்மையான உச்சம்) மைனஸ் 1-ஐத் தாண்டக் கூடாது. மைனஸ் 14-ஐவிட உரத்த மாஸ்டர் என்றால் மைனஸ் 2 விடச் சொல்கிறது ஸ்பாட்டிஃபை, சுருக்கப்பட்ட கோப்பாக மாறும்போது உச்சங்கள் எகிறுவதால்.

எட்டையும் ஒரே செஷனில் வரிசையாக அடுக்கி, குரலின் உரப்பு பாட்டுக்குப் பாட்டு சமமாக இருக்கிறதா என்று கேட்டுச் சரிசெய்யுங்கள். மெல்லிய பாட்டு 2 எல்யு (உரப்பில் 2 டெசிபெல்) குறைவாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆல்பத்தை வரிசையாகக் கேட்கும்போது ஸ்பாட்டிஃபை அந்த ஏற்ற இறக்கத்தைக் கலைப்பதில்லை. ஏற்றுமதி செய்த கோப்புகளை முதலிலிருந்து கடைசிவரை ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டே ஆக வேண்டும். கிளிக் சத்தமும் பாதியில் வெட்டுப்பட்ட ரிவெர்ப் வாலும் அலைவடிவத்தில் கண்ணுக்குத் தெரியாது.

பெயர், எண், அட்டை

கலைஞர் பெயரை முடிவு செய்யுமுன் எல்லாத் தளத்திலும் தேடுங்கள். அதே பெயரில் இன்னொருவர் இருந்தால் உங்கள் பாட்டு அவர் பக்கத்தில் போய் விழும். திருத்த முடியும், ஆனால் வெளியீட்டு வாரம் அதிலேயே போய்விடும். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயரை எப்படி எழுதுவது என்று ஒரு தாளில் முடிவு செய்து, பாட்டு, வீடியோ, போஸ்டர் எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டலை வைக்க வேண்டும். நெடிலுக்கு ஒரு இடத்தில் இரட்டை எழுத்தும் இன்னொரு இடத்தில் ஒற்றை எழுத்தும் போட்டால் தேடுபவருக்கு இரண்டு பாட்டாகத் தெரியும்.

விருந்துப் பாடகர் பெயரைத் தலைப்பில் தட்டச்சு செய்யக் கூடாது. பங்களிப்பாளர் பட்டியலில் "ஃபீச்சர்டு" என்று தேர்வு செய்தால் தளமே சேர்த்துக்கொள்ளும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் இடங்களில் மேடைப் பெயர் வேண்டாம், முழுப்பெயர் வேண்டும்.

ஐஎஸ்ஆர்சி என்பது ஒலிப்பதிவின் 12 எழுத்து அடையாளம். இந்தியாவில் இதை வழங்கும் அமைப்பு இசை நிறுவனங்களின் சங்கமான ஐஎம்ஐ. பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் விநியோகஸ்தர்களில் பெரும்பாலோர் இலவசமாகவே கொடுத்துவிடுவார்கள். எண்களை ஒரு எக்செலில் எழுதி வையுங்கள். விநியோகஸ்தரை மாற்றும்போது பழைய எண்ணோடு போனால்தான் ஸ்ட்ரீம் எண்ணிக்கை கூடவே வரும்.

அட்டை 3000க்கு 3000 பிக்சல், ஆர்ஜிபி. இணைய முகவரி, இன்ஸ்டாகிராம் பெயர், விலை, தளத்தின் லோகோ எதுவும் இருக்கக் கூடாது. திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விநியோகமும் பணமும்

விநியோகஸ்தர்கள் மூன்று வகை. ஆண்டுச் சந்தா வாங்குவோர், வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணம் வாங்குவோர், முன்பணம் இல்லாமல் வருமானத்தில் பங்கு எடுப்போர். ஆண்டுச் சந்தா வகையில் பணம் கட்டாமல் விட்டால் பாட்டு என்ன ஆகும் என்பதை மட்டும் நிபந்தனையில் தேடிப் படியுங்கள். சிலவற்றில் பாட்டு கீழே இறங்கிவிடும். ஜியோசாவன், கானா, இன்ஸ்டாகிராம் ஒலி நூலகம் மூன்றும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்ப் பாட்டுக்கு இவை இல்லாத விநியோகம் ஊனம்.

அமெரிக்க விநியோகஸ்தர் என்றால் டபிள்யூ-8 பென் படிவம் கேட்பார். அதில் பான் எண்ணும் இந்தியா-அமெரிக்க வரி உடன்படிக்கையும் குறிப்பிட்டால் அமெரிக்க ராயல்டியில் பிடித்தம் 30 சதவீதத்துக்குப் பதில் 15. வெறுமனே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவர்கள் அந்த 15-ஐ இழக்கிறார்கள்.

விநியோகஸ்தர் தருவது ஒலிப்பதிவுக்கான பணம் மட்டும். பாடல் வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டி 1969-இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் வழியாக வரும். நீங்களும் பாடலாசிரியரும் உறுப்பினராகி, பங்குத் தாளில் உள்ள அதே சதவீதத்தோடு பாட்டைப் பதிய வேண்டும். சதவீதம் இரண்டு இடத்தில் வேறுபட்டால் பணம் தகராறில் நிற்கும். பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை, விரும்பினால் படிவம் 14-இல் செய்யலாம். மெட்டுக்கோ வரிக்கோ தலா 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2000.

வெளியீட்டு வரிசை

எட்டையும் ஒரே நாளில் கொட்டினால் ஏழு பாட்டை யாரும் கேட்க மாட்டார்கள். நடைமுறையில் வேலை செய்யும் வரிசை இது:

14 வாரம் முன்பு: முதல் சிங்கிள், ஆல்பத்தின் குரலைச் சரியாகச் சொல்லும் பாட்டு.
9 வாரம் முன்பு: இரண்டாவது, முதலாவதிலிருந்து டெம்போவில் விலகியது.
5 வாரம் முன்பு: முழு ஆல்பத்தையும் விநியோகஸ்தரிடம் ஏற்றுவது.
4 வாரம் முன்பு: மூன்றாவது சிங்கிள்.
வெளியீடு: வெள்ளிக்கிழமை, உலக வெளியீட்டு நாள் 2015 முதல் அதுதான்.

சிங்கிளாக வந்த பாட்டை ஆல்பத்தில் சேர்க்கும்போது அதே கோப்பு, அதே நீளம், அதே ஐஎஸ்ஆர்சி. இடையில் மாஸ்டரை மாற்றினால் புதிய எண் வேண்டும், எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால்தான் முதல் சிங்கிளுக்கு முன்பே எட்டு மாஸ்டரும் முடிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்குப் பாட்டை அனுப்புவது வெளியாகாத பாட்டுக்கு மட்டும், ஒரு நேரத்தில் ஒன்று. குறைந்தது 7 நாள் முன்பு அனுப்பினால் உங்களைப் பின்தொடர்வோரின் ரிலீஸ் ரேடாரில் (வாராவாரம் வரும் புதுப் பாட்டுப் பட்டியல்) அந்தப் பாட்டு வரும், மூன்று வாரம் முன்பு அனுப்பினால் படிக்க நேரம் இருக்கும். இதில் ஒரு பொறி. நல்ல பாட்டு மூன்றையும் சிங்கிளாக விட்டுவிட்டால் ஆல்பத்துக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. மிகச் சிறந்த இரண்டில் ஒன்றை ஆல்பம் நாளுக்கு வைத்திருங்கள்.

தீபாவளி, பொங்கல் ஒட்டிய வெள்ளிகளைத் தவிருங்கள். பெரிய படத்தின் பாட்டு அறிவிப்பு தேதி கடைசி நேரத்தில்தான் வரும், அதனால் ஒரு மாற்று வெள்ளியும் மனதில் இருக்கட்டும். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது வீடியோவுக்கும் விளம்பரத்துக்கும் ஒதுக்குங்கள். பெரிய படப்பிடிப்பு ஒன்றைவிட எட்டுப் பாட்டுக்கும் பாடல் வரி ஓடும் வீடியோவும், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து செங்குத்துத் துண்டுகளும் நீண்ட நாள் உழைக்கும். வரிகளைத் தமிழ் எழுத்தில், நேரக் குறியோடு வெளியீட்டுக்கு முன்பே, தளங்களுக்குப் பாடல் வரிகளைத் தரும் மியூசிக்ஸ்மேட்சில் ஏற்றிவிட வேண்டும். இல்லையென்றால் யாரோ ஒருவர் காதில் விழுந்ததை ஏற்றிவிடுவார்.

"இத்தனை ரூபாய்க்கு இத்தனை ஸ்ட்ரீம்" என்று வரும் செய்திகளுக்குப் பதில் போட வேண்டாம். போலி ஸ்ட்ரீம் பிடிபட்டால் ஸ்பாட்டிஃபை விநியோகஸ்தருக்கு அபராதம் போடுகிறது, அவர் அதை உங்கள் கணக்கில் கழிப்பார், பாட்டையும் இறக்கலாம். 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு அங்கே பணமே கிடையாது என்பதால் இந்த வலையில் விழுகிறவர்கள் உண்டு. நண்பர்கள் கேட்டாலே 1000 வந்துவிடும்.

வெளியான பின்

முதல் நாள் காலை ஒவ்வொரு தளத்திலும் பாட்டு சரியான பக்கத்தில் இருக்கிறதா, விருந்துப் பாடகரின் பக்கத்திலும் வந்திருக்கிறதா, வரிசை சரியா, வரிகள் ஓடுகிறதா என்று பாருங்கள். முதல் வாரத்தில் உங்கள் சொந்த யூடியூப் சேனலின் மேலேயே கன்டென்ட் ஐடி கிளைம் விழலாம். விநியோகஸ்தரிடம் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் தீரும். பணம் பொதுவாக இரண்டு மூன்று மாதம் தள்ளித்தான் வரும், ஐபிஆர்எஸ் பணம் இன்னும் தாமதமாகும். முதல் அறிக்கை வந்ததும் பங்குத் தாளைத் திறந்து அவரவர் பங்கை அந்த மாதமே அனுப்பிவிடுங்கள். தொகை 340 ரூபாயாக இருந்தாலும் கணக்கோடு அனுப்பினால், அடுத்த பாட்டுக்கு அந்தப் பாடகர் தேதி கேட்காமல் வருவார்.